சுவருக்கு இருபுறமும் ஒரு சதுரங்கம்

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் வீட்டின் நடுவே சுவர் எழும்பிய வருஷம், சதுரங்கம் ஆடும் இரண்டு மிசின்களும் பாகம் பிரிந்தன. அப்பாவும் சித்தப்பாவும் ஒற்றுமையாக இருந்த காலத்தில் திண்டுக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பிடித்து வந்தவை அவை. அப்போதே அரதப் பழசு. பிளக்கில் செருகினால்தான் உயிர் வரும். காயைக் கட்டத்தில் அழுத்தி வைத்தால் 'கீச்' என்று கத்தும். பிறகு நெடுநேரம் யோசித்து, எந்தக் காயை எங்கே நகர்த்த வேண்டும் என்று சின்னச் சிவப்பு விளக்குகளால் காட்டும். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பங்கு போட முடியாதது கிணறு மட்டும்தான். மோட்டார் போடும் முறையில் வந்த தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதிரெதிரே வந்தாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அம்மா அதை நினைத்து அடிக்கடி அழுவாள்.

பெரியவர்கள் சண்டையில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் நான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன். கோடை விடுமுறையில் ஒருநாள் சித்தப்பா, "உங்கப்பா மிசினு எம் மிசினுகிட்ட செத்த நேரங்கூட நிக்காது பாப்பா" என்றார். அதை அப்படியே அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "பாத்துருவோம்னு சொல்லு" என்றார் அப்பா.

இப்படித்தான் எந்த மிசின் கெட்டி என்ற பரீட்சை தொடங்கியது. ஒரு மிசின் காட்டிய நகர்வை மற்றதன் பலகையில் வைக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும். நான்தான் அந்த ஆள். "குதிரை, எஃப் த்ரீ" என்று முணுமுணுத்தபடி சுவரைச் சுற்றி ஓடுவேன். கொல்லையில் மல்லிகைச் செடிகள் வெயிலில் மயங்கிக் கிடக்கும். மிசின் யோசிக்கும் நேரத்தில் எனக்குக் கண் செருகும். விழித்தால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உலகத்தில் எல்லாமே இப்படி மெதுவாக யோசித்துத்தான் நடக்கிறது என்று தோன்றும். அத்தனை சுகமான மத்தியானங்கள் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

ஒருநாள் பாதி ஆட்டத்தில் கரண்ட் போய்விட்டது. ஆட்டம் நின்றதே என்ற வருத்தத்தோடு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். விளக்கெல்லாம் அணைந்த பலகையை அவர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, "யானை, டி ஒன்" என்றார். அப்பாவிடம் மூச்சிரைக்க ஓடினேன்.

"அப்பா, சித்தப்பா மிசினு கரண்ட் இல்லாமயே யோசிக்குதுப்பா!"

அப்பா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நம்ம மிசினு மட்டும் என்ன எளப்பமா? இரு, யோசிக்கட்டும்" என்றார். யோசித்தது. அப்பாவின் உதடுகள்தான் அசைந்தன. கரண்ட் வந்த பிறகும் இருவரும் மிசின் பட்டனைத் தொடவில்லை. சித்தப்பாவின் ராணி வசமாக மாட்டியபோது, எங்கள் மிசின் அதை வெட்டாமல் ஓரத்தில் ஒரு சிப்பாயை நகர்த்தியது. பழசானதில் அதற்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து எனக்கு அழுகையே வந்தது.

அந்த நகர்வைக் கேட்டதும் சித்தப்பா சிப்பாயைப் பலகையில் நகர்த்தி வைத்துவிட்டு, வெட்டுப்படாத தன் ராணியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சமம்னு வச்சுக்கலாமான்னு மிசினு கேக்குது. அண்ணன்ட்டச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அடுப்படியில் வெஞ்சனம் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"என்னன்னு சொன்னான்? திருப்பிச் சொல்லு" என்றார் அப்பா.

"அண்ணன்ட்டச் சொல்லுன்னாரு."

அப்பா கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கோ கோபம். அத்தனை ஓட்டம் ஓடியும் எந்த மிசின் கெட்டி என்று தெரியாமலே போயிற்று. அப்பா போனது சித்தப்பாவின் மிசினைச் சோதித்துப் பார்க்கத்தான், வந்து முடிவு சொல்வார் என்று வாசலில் காத்திருந்தேன். அவர் வரவேயில்லை. அங்கேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.