எந்த ஊர்க் கிணறு

பார்த்திபனின் ஊரில் ஓர் ஆண்பிள்ளை வீட்டில் இல்லையென்றால், எங்கே என்று கேட்பவருக்கு ஒரே பதில்தான்: கிணறு வெட்டப் போயிருக்கிறான். கேட்பவர் போலீஸ்காரரா, காட்டிலாகாக்காரரா, பள்ளிக்கூட வாத்தியாரா என்ற பேதமெல்லாம் கிடையாது. சவ்வாது மலையில் அந்த ஊரைச் சுற்றிச் சுற்றித் தேடினாலும் உருப்படியாக ஒரு கிணறு அகப்படாது. ஊர் ஆண்களோ பாதிப் பேர் எங்கோ தொலைதூரத்தில் கிணறு வெட்டிக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் அவர்கள் போவது ஆந்திரக் காட்டுக்கு, செம்மரம் வெட்ட. சாமையும் புளியும் வருஷத்தில் பாதிக்குத்தான் கஞ்சி ஊற்றும். மீதிக்கு என்ன வழி என்று யாரும் மலையேறி வந்து சொன்னதில்லை. கீழேயிருந்து வண்டி கொண்டுவருகிற ஏஜென்டு ஒருவன்தான் வந்து சொன்னான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரில் ஒவ்வொரு தாய்க்கும் மற்றவர் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். தன் பிள்ளை மட்டும் சத்தியமாகக் கிணறு வெட்டத்தான் போயிருக்கிறான் என்று நம்புவாள். நம்பாமல் எப்படித் தூங்குவது?

செல்லியம்மாளும் அப்படித்தான் நம்பினாள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். மூத்தவன் சின்னராஜ், இளையவன் பார்த்திபன். கிணற்று வேலைக்கென்று சொல்லிப் போன சின்னராஜ், காட்டில் வனக்காவலர் துரத்தலுக்குப் பயந்து இருட்டில் ஓடும்போது பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். உடலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள் என்று கூடப் போனவர்கள் அங்கேயே புதைத்துவிட்டு வந்தார்கள். அவன் செல்போனையும் சட்டையையும் மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்திபனைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்கள். அம்மாவிடம், கிணற்றில் மண் சரிந்து மூடிவிட்டது, எடுக்க முடியவில்லை என்றார்கள். பார்த்திபனும் தலையை ஆட்டினான். அன்றைக்கு ஆட்டிய தலையை அவனால் அப்புறம் நிமிர்த்த முடியவில்லை. அண்ணன் செத்த துக்கத்தைக் கூட அவன் அம்மாவின் துக்கத்துக்கு ஏற்றபடி, கிணற்றைச் சொல்லித்தான் அழவேண்டியிருந்தது.

செல்லியம்மாள் அதன்பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். "நீ படி நைனா. இன்னா ஆனாலும் சரி, கெணத்துப் பக்கம் நீ போவக் கூடாது."

அவன் படித்தான். பி.ஏ. பொருளாதாரம் முடித்தான், எம்.ஏ. கடைசி வருஷத்துக்கும் வந்துவிட்டான். மலைக்குக் கீழே ஒரு கல்லூரி, அதன் விடுதியில் ஓர் இரும்புக் கட்டில். ஆய்வேடு ஒன்று எழுதிக் கொடுத்தால் பட்டம். கொடுக்காவிட்டால் மலைக்கே திரும்பவேண்டும். ஏஜென்டு எப்போது பார்த்தாலும் சிரித்த முகமாக, "படிப்பு ஒத்துவரலன்னா சொல்லு தம்பி, உங்கண்ணன் எடம் காலியாத்தான் கீது" என்பான். அந்தச் சிரிப்பைத் தூரத்தில் கண்டாலே பார்த்திபன் வேறு வழியாகத் திரும்பிப் போய்விடுவான்.

அவனுக்கு வாய்த்த ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் சிவசங்கர் நல்ல மனிதர். மாணவனைத் திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுக்கிற ரகம். அவரிடம் போய், எங்கள் மலை ஜனங்களின் பிழைப்பைப் பற்றி எழுதுகிறேன், ஊர் ஊராகப் போய்க் கேட்டு வருகிறேன் என்றான் பார்த்திபன்.

"நீ உங்க ஊர்ல பத்துப் பேரைக் கேட்டுட்டு வந்து எழுதினா அது கதை" என்றார் அவர். "எனக்கு டேட்டா வேணும். முறையா சாம்பிள் எடுத்து, குடும்பம் குடும்பமா பதிவு பண்ணின டேட்டா. நாட்டுல எவ்வளவோ சர்வே நடக்குது. தேடு."

தேட ஆரம்பித்தான். அரசாங்க சர்வேக்களின் இணையதளங்களில் புகுந்தான். எதைத் திறந்தாலும் மாவட்டத்தோடு நின்றது. மலையோ இரண்டு மாவட்டத்துக்குப் பங்கு போட்டுக் கொடுத்த மலை. கீழே இருக்கிற நெல்வயலும் தோல் தொழிற்சாலையும் கலந்த சராசரிக்குள் மலைக்காரன் காணாமல் போயிருந்தான். ஒரு தளத்தில் கோப்பு கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் மலையிலிருந்து ஒரு கிராமம்கூட சாம்பிளில் விழவில்லை. இன்னொன்றில் பதிவு செய்யவே கல்லூரி பெயரில் ஈமெயில் வேண்டும் என்றார்கள். கல்லூரிக்கு அப்படி ஓர் ஈமெயில் இருந்தது. அதன் கடவுச்சொல் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் தங்கவேலுக்கு மட்டும் தெரியும். அவரோ மகள் கல்யாண வேலையாக லீவில் இருந்தார். வந்த பிறகு, கடவுச்சொல்லை மறந்துவிட்டேனப்பா என்றார். மாற்றலாமென்றால் அதற்கான ரகசிய எண், ஓய்வு பெற்றுப்போன பழைய துறைத்தலைவரின் போனுக்குப் போயிற்று. அவர் எந்த ஊரில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே பல வாரம் ஆனது. இப்படியே நாள் ஓட, மற்ற மாணவர்கள் பைண்டிங் செய்யக் கிளம்பிவிட்டார்கள். பார்த்திபன் இரவில் கண்ணை மூடினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிற திரைதான் தெரிந்தது.

கடைசியில் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் தரவுக் காப்பகம் அகப்பட்டது. சில வருஷத்துக்கு முன் அவர்கள் மலை வட்டாரங்களில் மட்டும் ஒரு குடும்ப சர்வே எடுத்திருந்தார்கள். விண்ணப்பம் போட்டு, எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதி, துறைத்தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்பவேண்டும். அதோடு ஓர் உறுதிமொழி: இந்தத் தரவில் உள்ள எந்த நபரையும், குடும்பத்தையும் அடையாளம் காண முயலமாட்டேன். பார்த்திபன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். அன்று அவனிடம் எதில் கையெழுத்துக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பான்.

கோப்பு வந்தது. முழுக்க எண்கள். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தனியாக ஒரு விளக்கக் கோப்பு. விடுதிக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றதும் சிவசங்கர் தன் சொந்த லேப்டாப்பையே கொடுத்துவிட்டார். ஆண்களின் தொழில் என்ற பத்தியை எடுத்து லேப்டாப்பை எண்ணச் சொன்னான் பார்த்திபன். விவசாயம், ஆடு மேய்த்தல், கூலி. இவற்றையெல்லாம் தாண்டிக்கொண்டு முதலிடத்தில் நின்றது ஓர் எண். விளக்கக் கோப்பைப் பார்த்தான். கிணறு வெட்டுதல்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சர்வே எடுக்க வந்த பிள்ளைகளுக்கும் ஊர் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. பாவம், அவர்கள் அதற்கென்று தனியாக ஓர் எண்ணே ஒதுக்கியிருந்தார்கள்.

பிறகு இறந்தவர்கள் பகுதிக்குப் போனான். கடந்த வருஷங்களில் குடும்பத்தில் இறந்தவர், வயது, காரணம். வரிசையாக வாலிபர்கள். காரணம்: கிணற்று விபத்து. ஒரு வரியில் நின்றான். குடும்பத் தலைவர் பெண், விதவை. சாமை சாகுபடி. கல்லூரியில் படிக்கும் மகன் ஒருவன். இறந்தவர் ஆண், வயது இருபத்து மூன்று. அடையாளம் காண முயலமாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தான், முயலவில்லை. அண்ணன் தானாகவே வந்து நின்றான். பார்த்திபன் லேப்டாப்பை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான்.

கணக்கைப் பார்த்த சிவசங்கருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இது யாருமே சொல்லாத விஷயம்ப்பா. தண்ணியில்லாத மலைக்காரன் ஊர் ஊரா போய் அடுத்தவனுக்குத் தண்ணி தோண்டித் தர்றான். அதுலயே சாகறான். இதுதான் உன் ஆய்வேடு."

பார்த்திபன் மெல்ல ஆரம்பித்தான். "சார், எங்க ஊர்ல சும்மாவே அப்டி சொல்றது ஒரு பழக்கம் சார். கேட்டா கெணறு வெட்டறேன்னுதான் சொல்வாங்க."

"அப்ப வேற என்ன பண்றாங்க?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அது எழுத்தில் வரும். எழுத்தில் வந்தால் மலைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் போய் போலீஸ் ஜீப்பில் வருகிறவர்கள் வருவார்கள். எழுதியவன் எந்த ஊர்க்காரன் என்று அட்டையிலேயே இருக்கும். யாரும் தேடக்கூட வேண்டியதில்லை. மாமனும் சித்தப்பனும் கூடப் படித்தவர்களும் அந்த எண்ணுக்குள்தான் இருந்தார்கள். கிணற்றையே நம்பிக்கொண்டு அம்மாவும் இருந்தாள்.

"தெரியல சார்."

"பார்த்தியா? உனக்கே தெரியல. டேட்டாவுக்குத் தெரியுது."

வேறு தரவு தேட அவகாசம் இல்லை. வேறு தரவே இல்லை என்பதும் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். உண்மையை எழுத வழியில்லை, எழுதாமலிருந்தால் பட்டமில்லை, பட்டமில்லையென்றால் ஏஜென்டின் வண்டி. ஆகவே எழுதினான். கிணறு வெட்டும் தொழிலின் பரவல், வருமானம், விபத்துகள் என்று அத்தியாயம் அத்தியாயமாக. கடைசியில் பரிந்துரைகள் எழுதவேண்டும் என்றார் சிவசங்கர். கிணறு வெட்டும் மலைவாழ் தொழிலாளர்களுக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புக் கயிறும் வழங்கப்பட வேண்டும் என்று எழுதினான். எழுதிவிட்டு அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் மேலேயே அவனுக்கு அப்படியோர் அருவருப்பு.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சமர்ப்பிப்பதற்கு முன் ஒரு குடும்பத்தையாவது நேரில் பார்த்து, படத்தோடு ஒரு பக்கம் சேர்க்கவேண்டும் என்று சிவசங்கர் கிளம்பிவிட்டார். மற்ற வீடுகளுக்குக் கூட்டிப்போனால் பொய் எந்த இடத்தில் அவிழும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கே வாங்க சார், எங்கண்ணனும் அப்படித்தான் போனான் என்றான் பார்த்திபன். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் இதைச் சொல்லாமலே எழுதினாயா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் பார்த்திபனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

செல்லியம்மாள் பாயைத் தட்டிப் போட்டாள். பலாச்சுளை எடுத்துவந்து வைத்தாள். சிவசங்கர் பக்குவமாகப் பேச்சுக் கொடுத்தார். மகன் எப்போது போனான், யாரோடு போனான் என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பார்த்திபன் வாசற்படியில் நின்றபடி, எப்போது முடியும் என்று காத்திருந்தான்.

முடிந்ததும் அவள் கேட்டாள். "சார், ஒண்ணு கேக்கலாங்களா? ஊர்ல கீறவங்க எல்லாரையும் பத்தி கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிகீறாங்கன்னு புள்ள சொல்லிச்சி. எம் பெரிய புள்ள உள்ள கெடக்கிற கெணறு எந்த ஊர்ல கீதுன்னு அதுல போட்டுகீதுங்களா?"

சிவசங்கர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

"கூடப் போனவங்களக் கேட்டா தூரம், தூரம்னு சொல்றாங்களே தவிர ஊர் பேரு சொல்ல மாட்றாங்க. நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன் சார். எட்ட நின்னு ஒரு சூடம் கொளுத்திட்டு வந்துடுவேன்."

"அம்மா, டேட்டாவுல ஊர் பேரெல்லாம் போட மாட்டாங்க" என்றார் சிவசங்கர். "ஆனா கண்டுபிடிச்சுடலாம். இவன் தேடி எடுக்காத விஷயமே கிடையாது. யாருக்கும் கிடைக்காத கோப்பையே வாங்கிட்டு வந்தவன். ஒரு கிணத்தைக் கண்டுபிடிக்க மாட்டானா? என்ன பார்த்திபன்?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணன் போன நாளிலிருந்து அம்மாவின் முகத்தில் அப்படியொரு ஆசையை அவன் பார்த்ததில்லை.

"கண்டுபிடிக்கிறேன் சார்" என்றான்.

"எப்போ நைனா போலாம்?"

"பரீட்சை முடியட்டும்மா."

செல்லியம்மாள் எழுந்து உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மடிப்புக் கலையாமல் வைத்திருந்த நல்ல சேலையை எடுத்துவந்து, பயணத்துக்கு ஆகட்டும் என்று வாசலில் வெயில் படும் இடமாகப் பார்த்து விரித்துப் போட்டாள்.