தையல்நாயகி அக்காவின் வலது கால்

என் மூத்த பேத்தி திவ்யா விவசாயப் படிப்பை முடித்து அரசு வேலையில் இருக்கிறாள். அடுத்தவள் அபிநயா வங்கித் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். பேரன் கார்த்திக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சம்பளத்தைச் சொன்னால் கண் படும். கடைக்குட்டி யாழினி ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதல். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதையெல்லாம் திவ்யாவின் வளைகாப்புக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெண்களிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், காரைக்கால் ஆஸ்பத்திரியிலிருந்து கார்த்தி போன் செய்தான். "அப்பாயி, அத்தைப் பாட்டி போயிட்டாங்க" என்றான்.

போனவர் எங்கள் தையல்நாயகி அக்கா. என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்த மூத்தவர். கல்யாணம் ஆகாதவர். விழிதியூருக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில், ஒரே உலைச் சோற்றைச் சாப்பிட்டோம். செத்துப்போனவர் எங்களுக்கு என்ன உறவு என்பதையே இப்படி விளக்கி எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவளும் நான்தான்.

அக்காவுக்குப் பதினேழு வயதில் தொடையிடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போயிற்று; வலது கால் வீக்கம் போகவில்லை. எதையோ தாண்டிவிட்டாள் என்றார்கள் சிலர். கண்ணேறு என்றார்கள் சிலர். மாமியார் ஒரு வைத்தியனைக் கூட்டிவந்தாராம். அவன் காலில் கொம்பு வைத்து உறிஞ்சி, பஞ்சில் நாலைந்து வெள்ளைப் புழுக்களைத் துப்பிக் காட்டி, வேட்டியும் அரிசியும் வாங்கிக்கொண்டு போனானாம். இதை அக்கா சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்போம். "என் கால்லேந்து எடுத்த புழுவும் நம்ம அரிசிப் பானைப் புழுவும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்துச்சு ராஜாத்தி. வாயில அடக்கி வெச்சிருந்தான் பாவம், எப்படித்தான் சகிச்சானோ" என்பார்.

இது யானைக்கால் நோய், நிஜப் புழு நூலைவிட மெல்லியது, கொசு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது என்று பின்னால் நர்ஸ் அம்மா வந்து சொல்லித்தான் தெரிந்தது. வீங்கிய காலை மாத்திரை பழையபடி ஆக்காது. ஆனால் எல்லோரும் வருஷாவருஷம் மாத்திரை விழுங்கினால் அடுத்த பிள்ளைக்கு வராது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை கொடுக்கும் நாளில் நர்ஸ் அம்மாவோடு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். "அப்புறம் சாப்புடுறேன்" என்று சட்டைப் பையில் போடுகிறவர்கள் முன்னால் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுவார். "எங்க காலத்துல இந்த மாத்திரை இல்ல. இந்தாங்க தண்ணி" என்பார். அங்கேயே விழுங்கிவிடுவார்கள்.

அவரை ஏமாற்றிய ஒரே ஆள் நான். நன்றாக ஓடியாடுகிற பேரப்பிள்ளைகளுக்கு எதற்கு மருந்து, வாந்தி வந்தால் யார் பார்ப்பது என்று அவர்கள் பங்கு மாத்திரைகளை வாங்கித் தென்னம் பாத்தியில் புதைத்துவிட்டேன். இரண்டு நாளில் அக்கா அங்கேயே களை கொத்தப் போய்விட்டார். உள்ளங்கையில் மண்ணும் மாத்திரையும் நெளிகிற மண்புழு ஒன்றுமாக வந்து நின்றார்.

"இதுக்கு எதுக்குடி மாத்திரை? இது நல்ல புழுவாச்சே" என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் புழுவைப் பாத்தியில் விட்டுவிட்டு வந்து, "மண்ணுக்குள்ள இருக்கற புழு மண்ணைப் பொலபொலன்னு ஆக்குது. எனக்குள்ள வந்தது காலைக் கல்லா ஆக்கிருச்சு. இதுங்க காலாவது காலா இருக்கட்டுமே ராஜாத்தி" என்றார். மறுநாளே நர்ஸ் அம்மாவிடம் சொல்லி வேறு மாத்திரை வாங்கிவந்தார். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து விழுங்கச் செய்து, 'ஆ' காட்டச் சொல்லி நாக்குக்கு அடியில் எல்லாம் பார்த்தார். அதிலிருந்து வருஷாவருஷம் அதே வரிசைதான். யாழினி ஓடி வாங்கிய கோப்பையைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாத்திரை ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

இத்தனையும் தெரிந்த நான்தான் அடுத்து எழுதப்போவதைச் செய்தேன்.

திவ்யாவைப் பெண் பார்க்கத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்தார்கள். நல்ல இடம். இந்தக் கால் பரம்பரையாக வருவதில்லை என்று அக்கா ஊருக்கெல்லாம் சொன்னவர். நான் பக்கத்தில் நின்று கேட்டவள். இருந்தாலும் பயம். "அக்கா, அவங்க போறவரைக்கும் கொல்லப்பக்கம் இருந்துக்கிறீங்களா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன" என்று போய்விட்டார். சம்பந்தியம்மா கை கழுவக் கொல்லைக்கு வந்தார். அக்காவைப் பார்த்து, யார் இவங்க என்று என்னிடம் கேட்டார். "வேலைக்கு இருக்கிற அம்மா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன்.

அக்கா காதில் விழுந்தது. அவர் செம்பை எடுத்து, "வாங்கம்மா, கையைக் காட்டுங்க" என்று தண்ணீர் ஊற்றினார். மாத்திரை விழுங்க ஊருக்கே தண்ணீர் கொடுத்த அதே செம்பு.

கல்யாணம் நடந்தது. சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் அக்கா தானாகவே கொல்லைக்குப் போய்விடுவார். வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும். அப்பாயி சொன்னதை யார் மாற்றுவது என்று இருந்துவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஒருமுறை நானே பேச்செடுத்தேன். "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுல்ல, விடு" என்று காலைக் கழுவப் போய்விட்டார். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுப்பார். ஈரம் நின்றால் புண் வரும், புண் வந்தால் காய்ச்சல் வரும் என்று அவருக்குத் தெரியும்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பே உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அக்கா கொல்லையில் ஈரத்தில் நின்று பாத்திரம் கழுவினார். வேலைக்கு இருக்கிற அம்மா வேறு என்ன செய்வார்? முதல் நாள் சாயங்காலமே குளிர் கண்டு உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "வந்தவங்க போகட்டும்டி" என்றார். நானும் ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பட்சணத்தைப் பார்க்கப் போனேன். காலையில் அவருக்குப் பேச்சுக் குழறியது. கார்த்தி ஆட்டோ கொண்டுவந்தான். வாசலில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "கொல்லப்பக்கமா கூட்டிட்டுப் போ" என்று கார்த்தியிடம் சொன்னேன். அக்காவைக் கடைசியாக அனுப்பிவைத்தது அந்தக் கொல்லை வழியாகத்தான்.

போன் வந்தபோது திவ்யாவுக்கு ஒரு கையில்தான் வளையல் போட்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்ட சம்பந்தியம்மா வருத்தப்பட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "வேலைக்கு இருந்தவங்கதானே, நமக்குத் தீட்டு இல்லையே. இந்தக் கைக்கும் போட்டு முடிச்சுடலாமா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு நான் சொன்னது அதுதான்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஏழு மாத வயிற்றோடு திவ்யாதான் மணையிலிருந்து எழுந்தாள்.

"அத்தை, அவங்க என் தாத்தாவோட அக்கா. இந்த வீட்டுக்குத் தீட்டு உண்டு" என்று மாமியாரிடம் சொன்னாள்.

சம்பந்தியம்மா கையில் இருந்த வளையல்களைத் தட்டில் வைத்துவிட்டார். போகும்போது என்னிடம், "என் கைக்குத் தண்ணி ஊத்தவெச்சுட்டீங்களே அவங்கள" என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு இப்படிக் கால் இருப்பது தெரிந்திருந்தால் பெண் எடுத்திருப்பாரோ மாட்டாரோ தெரியாது. கேட்டுப் பார்க்கவே இல்லையே நான்.

குளிப்பாட்டும்போது அந்தக் காலைத் தொடப் பெண்கள் தயங்கினார்கள். நான் எல்லோரையும் நகரச் சொன்னேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். வெள்ளைத் துணியால் விரலிடுக்கு ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். துளி ஈரம் இல்லாமல்தான் அனுப்பினேன். போய் வாங்க அக்கா. இந்தத் தடவை வாசல் வழியாகத்தான் போனீர்கள்.

நம் குடும்ப வாட்ஸப் குழுவில் இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சம்பந்தி வீட்டாரும் இதில் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். அஞ்சலி என்று நீங்கள் போட்டிருக்கும் படத்தில் முகம் மட்டும்தான் அக்காவுடையது. கழுத்துக்குக் கீழே ஸ்டூடியோக்காரர் யாருடைய பட்டுச்சேலையையோ ஒட்டியிருக்கிறார். குழுவின் முகப்பில் இருக்கும் திவ்யா கல்யாணப் படத்தில் நாற்பது பேர் நிற்கிறோம், அவர் இல்லை. இரண்டையும் எடுத்துவிடுங்கள். போன வருஷம் மாத்திரை கொடுத்த நாளில் நர்ஸ் அம்மா எடுத்த படத்தைக் கார்த்திக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒரு கையில் செம்பு, ஒரு கையில் தூக்கிய சேலை, வாயெல்லாம் சிரிப்பு. கார்த்தி, அதைப் போடுடா. கீழே தையல்நாயகி, எங்கள் வீட்டு மூத்தவர் என்று எழுது. கால் தெரியும், வெட்டாதே.