திடலில் கேட்ட அக்காவின் குரல்

என் அக்காவுக்குக் கணீரென்ற குரல். தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால், ரப்பர் மரங்களுக்கு நடுவே பால் வாளியோடு நிற்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். எனக்கு மட்டுமா, தோட்டத்துக்கே கேட்கும். வானொலி நாடகங்களில் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கோலாலம்பூரில் குரல் தேர்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எதற்கும் நேராகப் பதில் சொல்லாதவர். "மொதல்ல நம்ம தோட்டத்து ஜனங்க கேட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் போலாம்" என்றார். ஜனங்கள் கேட்க வேண்டுமானால் அவள் மேடை ஏற வேண்டும். மேடை ஏற அப்பாவே விடமாட்டார். அது எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் தோட்டத்து நாடகங்களில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். அந்தப் பாவப்பட்ட ஆண் நான். அப்பா சம்மதித்தாரா மறுத்தாரா என்று எனக்கும் புரியவில்லை, அக்காவுக்கும் புரியவில்லை.

வழி கண்டுபிடித்தவர் எங்கள் அத்தை மகன். பீடோரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார், நான் அவரை மச்சான் என்பேன். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் கோயில் திடலில் நாடகம் போடுவோம். மாலையில் மட்டும் வரும் தோட்டத்துக் கரண்ட் லயங்களோடு நின்றுவிடும், திடலுக்கு வராது. முந்தைய வருஷம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். அது போட்ட கூச்சலில் ராஜா பேசியது பக்கத்தில் நின்ற ராணிக்கே கேட்கவில்லை.

"இந்த வருசம் சத்தமே இருக்காது, மாப்ள" என்று ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். இன்வெர்ட்டராம். லாரி பேட்டரியின் கரண்டை அது வீட்டுக் கரண்டு மாதிரி மாற்றித் தருமாம். ஒலிபெருக்கி பேட்டரியிலேயே ஓடிவிடும், டேப் ரிக்கார்டருக்குத்தான் அந்தப் பெட்டி தேவை. வசனம் முழுவதையும் முன்கூட்டியே டேப்பில் பதிந்துவிட்டால் மேடையில் நாங்கள் வாயசைத்தால் போதும்.

"அப்ப ராணிக்கு அக்கா பேசலாமே" என்றேன்.

அப்பா யோசித்தார். "மூஞ்சி தெரியாதுல்ல?"

"கொரலு மட்டுந்தான், மாமா."

"அப்ப சரி."

தோட்டத்துக் கிராணிதான் நாடகத்தை எழுதியவர். ஆபீசில் பால் கணக்கு எழுதும் மனிதர், வசனம் என்று வந்தால் கையில் வாளை எடுத்துவிடுவார். செய்யாத குற்றத்துக்காக நாடு கடத்தப்படும் ராணி கடைசியில் ராஜாவிடம் நீதி கேட்க வேண்டும். ஒரு மாலை கரண்ட் வந்ததும் எங்கள் வீட்டு சன்னல்களில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். அக்கா அந்தக் கடைசி வசனத்தைப் பேசி முடித்தபோது, எழுதிய கிராணியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பீடோர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மச்சான் பெட்டியை மூடிக்கொண்டு ஓடினார். டேப்பில் தன் குரல் எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்கவே இல்லை. அதற்கு முன்பும் அவள் எங்கும் கேட்டதில்லை.

திருவிழாவன்று காலையில் மச்சான் ராஜா வசனத்தில் இரண்டு வரி ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு மைக் கோயில் கமிட்டிக்காரர்கள் கைக்குப் போனது. குரங்கு கையில் பூமாலைதான். யாருடைய சைக்கிள் வழியில் நிற்கிறது, யார் வீட்டுப் பிள்ளை அழுகிறது, சோறு தயார், சோறு முடிந்தது என்று பொழுது சாயும்வரை அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். பேட்டரி ஒரு பக்கம் தேய்ந்துகொண்டிருப்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

நாடகம் நன்றாகத்தான் தொடங்கியது. கியாஸ் விளக்கு வெளிச்சத்தில் ராஜா முழங்கினார், ஜனங்கள் கைதட்டினார்கள். போகப் போக ராஜாவின் குரல் கொஞ்சம் கனத்தது. அதுவும் கம்பீரமாகத்தான் இருந்தது. அக்காவின் அந்தப் பெரிய வசனத்துக்காக நான் புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைக்குள் போனேன்.

ஒலிபெருக்கியிலிருந்து வந்தது அக்கா இல்லை. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரல். "மன்னா" என்று இழுத்த இழுப்பில் நான் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டேன். அக்கா பேசப் பேச வாயசைத்துப் பழகியிருந்த என் உதடு முன்னால் ஓடியது, வசனம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. ராஜாவை நோக்கிக் கையை நீட்டினேன், நீட்ட வேண்டிய வார்த்தை வரவில்லை. மண்டியிட்டேன், மண்டியிடும் இடமும் வரவில்லை. எழுந்திருப்பதா இருப்பதா என்று தெரியாமல் முழித்தேன். என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். "மெதுவா பேசேன்டா" என்று ராஜா பல்லைக் கடித்தார். நானா பேசுகிறேன்?

திடல் சிரித்தது. ராணிக்குக் குரல் கொடுத்தது யார் என்று அம்மா லயம் லயமாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். அதனால் சிரிப்பு யாரைப் போய்ச் சேர வேண்டும் என்பதில் மட்டும் குழப்பமே இல்லை.

"அடியே, மூத்தவ கொரலா இது? எருமை கத்துற மாதிரி இருக்குலா!"

"இவளையா ரேடியோவுல சேக்கப் போறாங்க?"

ஒருவழியாகக் காட்சி முடிந்து மேடைக்குப் பின்னால் ஓடினேன். அங்கே மச்சான் பெட்டியைத் தட்டினார், டேப்பைத் துடைத்தார், ஒயரை ஆட்டிப் பார்த்தார். "ஹார்ன்ல சத்தம் வருது, டேப்பு சுத்துது, அப்புறம் ஏன் இப்படிப் போவுது?" என்று என்னையே கேட்டார். நாடா நனைந்துவிட்டது என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். ராணி வேஷத்தில் நின்ற நான் எதை நம்புவது? முன்வரிசைப் பாயில் பெண்களோடு உட்கார்ந்திருந்த அக்காவைத் தேடினேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் மாலை லயத்தில் கரண்ட் வந்ததும் அப்பா, அதே டேப்பை எங்கள் வீட்டில் போடச் சொன்னார். போட்டதும் அக்காவின் குரல் கணீரென்று எழுந்தது. அம்மா அழுதேவிட்டாள். அப்பா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நேத்து என்ன எழவு ஆச்சுன்னே தெரியலையே" என்றார். பிறகு வாழ்நாளில் முதல் தடவையாக நேராக ஒன்று சொன்னார். "சரி, கெளம்பு. கோலாலம்பூர் போலாம்."

அக்கா அடுப்படி வாசலை விட்டு நகரவில்லை. "நேத்து கேட்டதுதான்ப்பா என் கொரலு. நம்ம கொரலு மத்தவங்களுக்கு எப்படிக் கேக்கும்னு நமக்குத் தெரியாதாம், கிராணி சொல்லியிருக்காரு. நீங்கல்லாம் வீட்டு ஆளுங்க, பழகிப்போச்சு. இன்னைக்கு மச்சான் மெசின்ல என்னமோ பண்ணி நல்லாக்கிட்டாரு."

"மாரியாத்தா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலே!"

"அப்ப நேத்து என்ன பண்ணீங்க?"

மச்சான் டேப்பை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே டேப், ஒரே மெசின், இரண்டு குரல். இதுதான் நிஜம், அது பொய் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, அக்கா மேலும்தான். கோபத்தால் என்ன ஆகிவிடும்? அவள் குரல் தேர்வுக்குப் போகவில்லை.

அதன் பிறகு வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, "சோறு" என்பாள். தெலுக் இந்தானில் கட்டிக்கொடுத்தோம். அங்கே அவள் மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம், "என் மருமக சத்தமே வெளிய வராது, அம்புட்டு அடக்கம்" என்று பெருமை பேசினார்.

எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தேன். ஒரு மாலை பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மருந்து விற்கும் சீனர் ஒருவர் கூட்டம் சேர்க்க இசைத்தட்டு போட்டிருந்தார். காலடியில் பேட்டரி, அதோடு ஒரு தகரப் பெட்டி. பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் மெல்ல மெல்ல இறங்கி ஆண்குரலாகிவிட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் வேறொரு பேட்டரியை மாட்டினார். இறங்கிப் போன குரல் அப்படியே ஏறி வந்து மறுபடியும் பெண்ணானது. நான் கையை ஆட்டி என்னவென்று கேட்டேன். "பத்திரி லெமா லா" என்றார், பேட்டரி பலவீனமாம். பேட்டரி தளர்ந்தால் அந்தப் பெட்டி தரும் கரண்டும் நிதானம் இழக்கும், மோட்டார் மெதுவாகும், குரல் தாழும். இவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷமாக எங்களை ஆட்டிவைத்தது இவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறே தெலுக் இந்தானுக்கு பஸ் ஏறினேன். அக்கா மீன் அலசிக்கொண்டிருந்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, பெட்டி, மோட்டார், கமிட்டிக்காரர்கள் நாள் முழுக்க மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது. "ஒன் கொரலுல ஒரு கொறையும் இல்லக்கா. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல" என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டாள். நான் சொன்னது புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நம்பவும் நம்பினாள். ஒரு கணம் சிரிக்கப் போகிறாள் என்றுகூட நினைத்தேன்.

"சரிடா தம்பி" என்றாள், குனிந்துதான் கேட்க வேண்டும் போன்ற குரலில். "அன்னைக்குத் திடல்ல இருந்தவங்ககிட்டயும் போயி இதச் சொல்லிட்டு வாரியா?"

எங்கே போய்ச் சொல்ல? தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, வீட்டு மனை போட்டுவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் ஈப்போ, பீடோர், கோலாலம்பூர் என்று திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அவர்கள் காதில் அக்கா இன்னும் அந்தக் குரலில்தான் நீதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.