மஞ்சள் வைரத்துக்கு மூன்று நாள்

சந்தனச்செல்வி மாப்பிள்ளையூரணியில் மாவு மில் நடத்துகிறாள். மிளகாய் வத்தலும் மல்லியும் அரைத்து அரைத்து அவள் மூக்கு எந்தக் காரத்துக்கும் தும்மாது. அந்த மூக்கில் ஒற்றைக்கல் வைர மூக்குத்தி போட வேண்டும் என்பது, தாமிரபரணிக் கரையிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாளிலேயே அவளுக்கு வந்த ஆசை. மகன் படிப்பு, மகள் கல்யாணம், மில்லுக்குப் புது மோட்டார் என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஐம்பது வயதானதும், இனி யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். சபாஷ் என்கிறீர்களா? பொறுங்கள், வீட்டில் மைனி இருக்கிறாள்.

மைனி என்றால் கணவன் ராஜபாண்டியின் அக்காள் இசக்கித்தாய். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வாய் கொஞ்சம் நீளம். அவள் தலையாட்டாமல் அந்த வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் குடம்கூட நுழையாது.

அதனால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் நகைக்கடைக்குப் போனாள். கடைக்காரர், நாசரேத் ஊர்க்காரர் தேவபிரசாதம், வைரக் கற்களை வெள்ளைத் தாளில் பரப்பினார். செல்வியின் கண் இளமஞ்சளாக இருந்த ஒரு கல்லில் போய் ஒட்டிக்கொண்டது.

“என்ன அண்ணாச்சி, இது அழுக்கா இருக்கு?” என்றாள் மைனி.

“அழுக்கு இல்லம்மா, பிறவி நிறம். பூமிக்கடியில உருவாகையில நைட்ரஜன் கலந்தா மஞ்சள், போரான் கலந்தா நீலம். ரோஸ், பச்சை, கறுப்புகூட உண்டு.” வைரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணாச்சிக்குச் சோறு தண்ணி வேண்டாம். “பிரேசில்ல கண்டுபிடிக்க முந்தி, உலகத்துல பேர்போன வைரமெல்லாம் நம்ம நாட்டுதுதான். இங்கன இருந்து முத்து கப்பலேறுன மாதிரி, கிருஷ்ணா ஆத்தங்கரை வைரமும் கப்பலேறிப் போச்சு. மஞ்சக்கிழங்கு நிறத்து வைரத்தை ராஜா மட்டுந்தான் போடணும்னு பழைய சாஸ்திரமே சொல்லுது!”

மனிதர் விற்பதற்காகச் சொன்னார். அதுவே வினையாகிவிட்டது.

“ராஜா வீட்டுக் கல்லு நம்ம வீட்டுக்குத் தாங்குமா? ஏளா, வெள்ளைக் கல்லாப் பாரு” என்றாள் மைனி.

செல்விக்கு முகம் செத்துப்போயிற்று. அண்ணாச்சிதான் வழி சொன்னார். வைரம் வாங்குகிற வீடுகளில் உள்ள வழக்கம்தான்: கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டது எதுவும் நடந்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அன்றைக்கே கல் மஞ்சள் துணியில் முடிந்து செல்வியின் தலையணைக்கு அடியில் போயிற்று. அடேயப்பா, அவள் பட்ட பாடு! பால் பொங்காமல் பக்கத்திலேயே நின்றாள். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற ராஜபாண்டியிடம், “ஏங்க, மெதுவாப் போங்க” என்று மணிக்கொரு தரம் போன் போட்டாள்.

“ஆமை மாதிரிதான் போறேன். பின்னால வாரவன் எல்லாம் ஏசுதான்” என்றான் அவன்.

இரண்டாம் நாள் மில்லில் பெல்ட் அறுந்தது. செல்விக்கு உயிரே போய் வந்தது. ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, “இன்னைக்குக் கூட்டமே இல்ல மைனி” என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். ஒரு கல்லுக்காகப் பொய் சொல்கிறோமே என்று மனசு குத்தத்தான் செய்தது. அதற்காக ஆசை விட்டுவிடுமா?

மைனியோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தண்ணி கொண்டா, கீரையைக் கொண்டா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம். மகாராணிதான் போங்கள் என்று செல்வி உள்ளுக்குள் பொருமினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளால் தாங்க முடியவில்லை. கல்லை எடுத்து வந்து மைனியின் முன்னால் வைத்தாள்.

“மைனி, நேத்து மில்லுல பெல்ட் அறுந்துபோச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன். இதைத் திருப்பிக் குடுத்துருவோம்.”

மைனி அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

“ஐயோ மைனி! எப்படி? எப்போ?”

“நேத்துக் காலையில பாத்ரூம்ல வழுக்கிட்டு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ கல்லைத் திருப்பிக் குடுத்துருவல்லா?”

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மைனி மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அழாதளா. ஆட்டோவைக் கூப்பிடு. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். வார வழியில அந்த அண்ணாச்சிகிட்ட இந்தக் கல்லை வச்சே மூக்குத்தி கட்டச் சொல்லிட்டு வந்துருவோம்” என்றாள் மைனி.