அமெரிக்க வரியும் கொளஞ்சியின் கூலியும்

கொளஞ்சிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கடையில் புளி வாங்கினாலும் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துத்தான் காசு கொடுப்பாள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தபோது அரசாங்கத்தின் மழைக்கால நிவாரணம் வந்தது. "சும்மா எவனாவது குடுப்பானா? பின்னாடி என்னத்தையோ புடுங்கப் போறானுங்க" என்றாள். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுத்ததும் இறால் கம்பெனிக்கு மாறினாள். தலை கிள்ளி, தோல் உரித்தால் கிலோ கணக்கில் கூலி. புருஷன் போனபிறகு வீடு ஓடுவதே அதில்தான். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும்.

போன வருஷம் சூப்பர்வைசர் பிரபாகரன் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினான். "அமெரிக்காக்காரன் நம்ம இறாலுக்கு வரிய ஏத்திட்டான். வாங்க ஆளில்ல. கூலியில கிலோவுக்கு மூணு ரூபா கொறைக்கிறோம், புரிஞ்சிக்கங்க." உலக வியாபாரத்தை அன்றைக்கு அவன் விளக்கிய அழகைப் பார்க்க வேண்டுமே! டெல்லியில் இருக்கவேண்டிய ஆள்.

அதிலிருந்து வேன் சட்டசபை ஆகிவிட்டது.

"நாமளும் அவன் சாமானுக்கு வரி போடணும்" என்பாள் சரஸ்வதி.

"போட்டா அவன் வேற நாட்டுல வாங்கிட்டுப் போறான். வரியே இல்லாம இருந்தாத்தான் நமக்குப் பொழப்பு" என்பாள் லூர்துமேரி. "அதான் கவர்மென்ட்டு மாசாமாசம் ஆயிரம் குடுக்குதே, சமாளிப்போம்."

"அந்த ஆயிரம் வர்றது தெரிஞ்சுதான் இவன் கூலியில கை வைக்கிறான்" என்பாள் கொளஞ்சி.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று லூர்துமேரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருவருக்கும் ஆகவே ஆகாது.

இந்த வருஷம் ஒருநாள் வரி குறைந்துவிட்டதாக டிவியில் செய்தி. மறுநாள் வேலைக்கு நடுவே கொளஞ்சி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"வரிய கொறைச்சிட்டாங்களாமே சார், அந்த மூணு ரூபா எப்போ வரும்?"

"டிவியில என்னென்னமோ சொல்லுவான். அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம். நீ வேலய பாரு."

வரி ஏறியபோது நம் வீட்டு விஷயம், இறங்கினால் பெரிய இடத்து விஷயம்! ஆனால் அங்கே இருந்தவர்கள் யாரும் இறாலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த நாள் காலை வேன் வந்தது. கொளஞ்சி படியில் கால் வைக்கும்முன் டிரைவர் சதீஷ் சங்கடத்தோடு சொன்னான்.

"யக்கா, உங்கள ஏத்த வேணாம்னு சொல்லிட்டாங்க."

அந்த மூணு ரூபாயைக் கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று கொளஞ்சி முதல்முறையாகப் பயந்தாள்.

அப்போது லூர்துமேரி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

கொளஞ்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எதுக்குடி எறங்குன? யார் சொல்லி எறங்குன?"

"எவளும் சொல்லல. எனக்கும்தான் மூணு ரூபா கொறச்சான்."