மடக்கவா, நீட்டவா

என் தங்கச்சி புருஷன் பச்சியப்பனைப் பற்றிப் பேச்சு வந்தால் இண்டூரில் எல்லோரும் அவனுடைய வில்லைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் அவனுடைய இடது கையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தக் கை விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு. பதினோரு வருஷம் கழித்தாவது திறக்கிறேன்.

அவனுக்கு நாலு ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. ராகியும் கடலையும் போடுவான். வெள்ளாமையில் அவனை யாரும் குறை சொன்னதில்லை, புகழ்ந்ததும் இல்லை. வேலை ஓய்ந்த நாளில் வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். வேட்டைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அடித்தது இரண்டு முயல், ஒரு கௌதாரி. அதில் ஒரு முயல் ஏற்கெனவே நொண்டி. மற்றபடி அவன் குறி வைத்ததெல்லாம் காய்ந்த சுரைக்குடுக்கை, ஓட்டைப் பானை, வரப்பில் நட்ட சோளத்தட்டை. அறுபது தப்படி தள்ளி ஒரு தட்டையை நட்டு, அதை அம்பால் பிளந்துவிட்டு, கிட்டப் போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். எதற்கடா இது என்று கேட்டால், "சும்மாதான் மச்சான்" என்பான். இந்தச் சும்மாவுக்கு அம்பு பொறுக்கியே என் முட்டி தேய்ந்தது.

வில் வத்தல்மலையில் செய்தது. மலைமேல் சாமை போட்டுப் பிழைக்கிற தீர்த்தன் என்பவன் மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் வாட்டி, வளைத்துக் கொடுத்தான். அதற்கு மாதம் தவறாமல் வேப்பெண்ணெய் தடவுவான் பச்சியப்பன். "என் தலைக்கு இந்த வூட்ல இம்புட்டு எண்ணெ ஊத்துனதில்ல" என்பாள் மாதம்மாள். அவள்தான் என் தங்கச்சி.

வருஷத்துக்கு இரண்டு தடவை நாங்கள் மலைக்குப் போவோம். தையில் அறுப்பு முடிந்ததும் ஒரு தடவை, ஆனியில் விதைப்புக்கு முன்னால் ஒரு தடவை. துணியில் களி உருண்டை, கொஞ்சம் கருவாடு, தோளில் வில். போகும் வழியெல்லாம் அவன் மரத்தைப் பார்ப்பான், காற்றைப் பார்ப்பான், புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பான். நான் எங்கே உட்காரலாம் என்று பார்ப்பேன். மேலே தீர்த்தன் வீட்டில் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கிடைக்கும். பிறகு ஐந்து நாள் அவர்கள் இரண்டு பேரும் பாறையில் குடுக்கையை வைத்து அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வில்லும் வராது, அதில் ஆசையும் இல்லை. ஆனால் அந்த ஐந்து நாளும் எனக்கு யாரும் ஒரு வேலை சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட நாள் வேறு கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம். மாதம்மாளுக்கு அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து நின்ற கரு. அவளை விட்டுவிட்டு மலைக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். கேட்டுக்கொண்டேதான் களி உருண்டையைக் கட்டினேன்.

மூன்றாம் நாள் அவன் விட்ட ஓர் அம்பு குறி தவறி, மேலே பாறை இடுக்கில் செருகிக்கொண்டது. தீர்த்தனிடம் அதைப் போல எட்டு அம்பு இருந்தது. "வுடுங்க, வேற தர்றேன்" என்றான் அவன். பச்சியப்பன் கேட்காமல், தோளில் வில்லோடு ஏறினான். அம்பையும் எடுத்துவிட்டான். இறங்கும்போது பாசி வழுக்கி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து இடது முழங்கை கீழாக விழுந்தான். சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கினோம். அவன் கேட்ட முதல் கேள்வி: "வில்லுக்கு ஒண்ணும் ஆவலையே?"

மலையில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவள் ராமக்கா, தீர்த்தனின் மாமியார். கையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கத்தினான். அவள் பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தாள்.

"முட்டி நொறுங்கிப்போச்சு. ஒட்டும். ஆனா இனிமே அசையாது. ஒண்ணு மடங்குன மாதிரியே நிக்கும், இல்லன்னா நீட்டுன மாதிரியே நிக்கும். மடக்கவா, நீட்டவா?"

எங்கள் பக்கத்தில் முழங்கை நொறுங்கியவனிடம் கேட்கிற கேள்வி இதுதான். யாராக இருந்தாலும் மடக்கு என்பார்கள். மடங்கிய கையில் குடம் நிற்கும், கூடை நிற்கும், பிள்ளை நிற்கும். நீட்டிய கை ஒன்றே ஒன்றுக்குத்தான் உதவும். இடது கையை நீட்டித்தான் வில்லைப் பிடிக்க வேண்டும்.

"நீட்டுங்க" என்றான் பச்சியப்பன்.

ராமக்கா அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ பொண்ணு குடுத்த வூட்டுக்காரன். நீ சொல்லு."

என் தங்கச்சிக்கு வயிற்றில் ஐந்து மாதம். மடக்குங்க என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் வில் போனால் மலையும் போகும், மலை போனால் என் ஐந்து நாளும் போகும் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. "அவன் கை, அவன் இஷ்டங்க" என்றேன். தூ, என்ன மனுஷன் நான்!

அவன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் விஜயதசமி அன்று அம்மன் ஏரிக்கரைக்கு வரும். அங்கே அசுரன் என்று ஒரு வாழைமரத்தை நட்டு, அதில் அம்பு போட வேண்டும். அம்பு தைக்கும்வரை அம்மன் கோயிலுக்குத் திரும்பாது. எட்டு வருஷமாக அந்த அம்பைப் போட்டவன் பச்சியப்பன். இதை ஒரு நேர்த்திக்கடனுக்காகச் செய்தான், அதனால்தான் கையை நீட்டச் சொன்னான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. அவனுக்கு ஆசை, அவ்வளவுதான்.

ராமக்கா உளுத்தமாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். கையைத் தொங்கவிட்டால் வீங்கும் என்று, இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு முட்டுக் கொடுத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி நிறுத்தினாள். அதோடு ஊருக்கு வந்தான். வாசற்படியில் நேராக நுழைய முடியாமல் நண்டு மாதிரி நுழைந்தான். பாப்பாரப்பட்டி சந்தையில் ஒருவன், இவன் வழி காட்டுகிறான் என்று நினைத்து, மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டான்.

மாதம்மாள் நடந்ததையெல்லாம் கேட்டாள். பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். "மடக்கியும் கட்டியிருக்கலாமாண்ணா?"

"கட்டியிருக்கலாம்" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாற்பத்தைந்தாம் நாள் ராமக்காவே இறங்கி வந்து கட்டை அவிழ்த்தாள். கை கட்டை போல நேராக இருந்தது, ஆனால் வலு இல்லை. வில்லைத் தூக்கிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் நடுங்கியது. தினமும் காலையில் நீட்டிய கையில் ஒரு செம்பு தண்ணீரை மாட்டிக்கொண்டு கிணற்றடியில் நிற்பான். முதல் நாள் பத்து எண்ணிக்கை, புரட்டாசியில் முந்நூறு. எண்ணுவது என் வேலை. விஜயதசமி அன்று ஏரிக்கரையில் நின்று ஒரே அம்பு விட்டான். வாழைமரத்தில் இறகுவரை இறங்கியது. கை ஆடவே இல்லை. ஆட முடியாதே! ஊரே கூவியது. அவன் சிரித்தான். நானும் கூவினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. கண்ணம்மாள் என்று பேர் வைத்தோம். குளிப்பாட்டித் துணியில் சுற்றி அவனிடம் நீட்டினார்கள். வலது கையில் வாங்கினான். தலைக்கு அண்டை கொடுக்க இடது கை வர வேண்டும். அது வரவில்லை, கம்பு மாதிரி விறைத்து நின்றது. குழந்தையின் தலை தொங்கியது. மாதம்மாள் படுக்கையிலிருந்து அலறி எழுந்து பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் குழந்தையை அவனிடம் கொடுக்கவே இல்லை. களை வெட்டப் போகும்போது, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், அவனைத் தாண்டி வந்து, "இந்தாண்ணா, புடி" என்று என்னிடம் கொடுப்பாள். என் வீடு நாலு வீடு தள்ளி. அங்கேயும் வந்து கொடுப்பாள். குழந்தை என் தோளில் வளர்ந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு அம்புக்கு இறகு கட்டிக்கொண்டிருப்பான். அந்தத் தையில் மலைக்குப் போகலாமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே குழந்தை கத்திக்கொண்டிருந்தது. மாதம்மாள் கொல்லையில் எரு கொட்டப் போயிருந்தாள். பச்சியப்பன் பாயில் மண்டியிட்டு, நீட்டிய கையைக் குழந்தைக்கு அடியில் விட்டு, மண்வெட்டியால் வாருவது போல வாரப் பார்த்தான். குழந்தை உருண்டது. மறுபடியும் விட்டான். சட்டை நனையும்படி வேர்த்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிச் செய்துகொண்டிருந்தானோ தெரியாது. என்னைப் பார்த்ததும், "மச்சான், தூக்கு" என்றான்.

தூக்கினேன். அழுகை நின்றது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாள் விடியலில் என் வீட்டு வாசலில் நின்றான். "மலைக்குப் போலாம், வா."

"வில்லு எங்க?"

"அது என்னாத்துக்கு?"

ராமக்கா அவன் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். "ஒட்டுன எலும்ப ஒடச்சு மறுக்கா கட்டலாம். மொத தடவைய விட வலிக்கும். அதோட வில்லு போச்சு, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

இந்தத் தடவை அவள் என்னைக் கேட்கவில்லை. நானாகவே "மடக்குங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கோழிகள் ஓடின.

ஏழு நாள் சூடு எண்ணெய் விட்டு ஒத்தடம் கொடுத்தாள். எட்டாம் நாள் அவனுக்கு ஒரு குவளை சாராயம் கொடுத்தாள். எங்கள் சேலம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வர இன்னும் நாலு மாதம் இருந்தது. அந்த மட்டுக்கும் அவனுக்கு யோகம். தீர்த்தன் காலைப் பிடித்தான், நான் தோளைப் பிடித்தேன். ராமக்கா கையைத் தன் முட்டி மேல் வைத்து அமுக்கினாள். மயக்கம் போட்டு விழுந்தது நான்.

கண் விழித்தபோது அவள் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எம்புட்டு மடக்கணும்? கொழந்த அளவுக்கு ஒண்ணு வச்சுக் கட்டினாத்தான் சரியா வரும். எம்புட்டு கனம் இருக்கும் உன் புள்ள?"

பச்சியப்பனுக்கு முகமெல்லாம் வேர்வை, வலியில் உதடு வெளுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்தான். அவன் பெற்ற பிள்ளை என்ன கனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் நான் பட்ட வெட்கத்தை யாரிடமும் சொன்னதில்லை.

தீர்த்தன் ஒரு பையில் நாலு படி சாமை போட்டுக் கட்டினான். நான் தோளில் சாய்த்துப் பார்த்தேன். "இன்னும் ஒரு படி" என்றேன். போட்டான். மறுபடி தூக்கிப் பார்த்து, "இம்புட்டுதான்" என்று சொல்லி, கம்பளியில் சுற்றி அவன் மடியில் வைத்தேன். அந்த மூட்டையை அணைத்த வாக்கிலேயே ராமக்கா கையைக் கட்டினாள்.

விதைப்பு வேலைக்கு நான் இறங்கி வந்துவிட்டேன். அவன் என்ன செய்கிறான் என்று மாதம்மாள் கேட்டாள். "சாமை மூட்டய வச்சிக்கினு ஒக்காந்திருக்கான்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆடியில் போய் அவனைக் கூட்டி வந்தேன். கை மடங்கி, மார்புக்கு முன்னால் நின்றது. இரண்டு மாதத்துத் தாடி. வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "இப்ப இன்னும் வளந்திருப்பா இல்ல? கையில எடம் பத்தாம போயிட்டா?"

வாசலில் கால் வைத்தோம். மாதம்மாள் குழந்தையோடு உள்ளேயிருந்து வந்தாள். வழக்கப்படி நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"இந்தாங்க, புடிங்க."

அவளே குழந்தையை அந்த மடிப்பில் உட்கார வைத்தாள். உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் பிதுங்கியது, ஆனால் உட்கார்ந்துகொண்டது. "சாமைய விட கனம், மச்சான்" என்றான். அதற்குள் கண்ணம்மாள் தாடியைப் பார்த்துவிட்டு, தெருவே எட்டிப் பார்க்கும்படி வீறிட்டாள். என் பக்கம் தாவினாள். என் கை இன்னும் நீட்டியபடியேதான் இருந்தது.

"குடு மாப்ள, நான் சமாதானம் பண்றேன்" என்றேன்.

"அழுவட்டும்" என்றான். "நான் குடுக்க மாட்டேன்."