நாற்பதாவது நாள் வீடியோ

பேருந்து நிலையத்தில் பதினாறு வருடங்களாக அறிவிப்பு செய்துவந்த அந்தப் பெண்ணின் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டாம் நடைமேடைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் நேரப்பட்டியல், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. அங்கிருந்து அவள் "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கேட்கும். ஓட்டுநர்கள் அவளை மைக்கக்கா என்றார்கள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், அளந்துதான் பேசுவார். "எனக்கும் சேர்த்து நீதான் பேசிடுறியே" என்பார்.

ஒன்பது வருடமாக அவள் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுவந்தாள். பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. ஒருநாள் நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாள். பளபளவென்று இருந்த ஒருவர், வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, "உங்க உடம்புக்குத் தன்னைத் தானே சரிபண்ணத் தெரியும். மாத்திரைதான் அதைச் சோம்பேறி ஆக்குது" என்றார். அதைப் பார்த்து முடித்தாள். அதேபோல இன்னும் பத்து வந்து நின்றன. மாத்திரை அட்டையை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு, எலுமிச்சையும் இஞ்சியும் போட்ட வெந்நீர் குடிக்க ஆரம்பித்தாள்.

முதல் ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததே அவளுக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. "இவ்வளவு நல்ல குரலை வெச்சுக்கிட்டு நீங்களும் பேசலாமே அண்ணி" என்று நாத்தனார் ஏற்றிவிட்டாள். மைக்கக்கா மதிய இடைவேளையில் கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்துவைத்துப் பேசினாள். "மாத்திரை இல்லாம பத்தாவது நாள். எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா!" ஊருக்கே வழிசொன்ன குரல் ஆயிற்றே, கேட்டவர்கள் நம்பினார்கள். பதினைந்தாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள்.

பிறகுதான் குளிர ஆரம்பித்தது. நல்ல வெயிலில் கணவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். முகம் உப்பியது, வீடியோவில் அதை ஃபில்டர் பார்த்துக்கொண்டது. படி ஏறினால் கால் கல்லாய்க் கனத்தது. இதைப் பற்றி அந்த வெள்ளைச் சுவர்க்காரருக்கு அவள் மெதுவாக எழுதிக் கேட்டபோது, "கழிவு வெளியேறுது சகோதரி, விட்டுடாதீங்க" என்று பதில் வந்தது.

குரலைத்தான் எந்த ஃபில்டராலும் மறைக்க முடியவில்லை. அது கட்டைவிரலால் அழுத்தியதுபோலக் கரகரத்துக் கீழே இறங்கியது. ஒருநாள் ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "என்னக்கா, நீங்க லீவுன்னு நினைச்சேன். எவனோ புது ஆளு பேசுறான்னு பசங்க சொன்னாங்க" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அன்று மாலை கைப்பேசியில் குரல் கரகரப்பு என்று தேடினாள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து தொண்டைப் புற்றுநோய் வீடியோக்களாக வரத் தொடங்கின. தனக்கும் அதுதானோ என்று பயந்தாள். கணவரிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் போனால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தாள். நாற்பதாவது நாள் வீடியோவில், "சூப்பரா இருக்கேன்" என்று சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, காலைப் பதினொரு மணிக்கு ஒரு செய்தி வந்தது.

"அக்கா, உங்க வீடியோ பார்த்துட்டு எங்கம்மா எல்லா மாத்திரையையும் நிறுத்தப் போறேன்னாங்க. அவங்களுக்கு பிரஷர் இருக்கு. நான் வெளியூர்ல இருக்கேன். நேத்திலேர்ந்து போன் ஆஃப்ல இருக்கு. பயமா இருக்கு."

மைக்கக்கா அதைப் படித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தாள். மூன்றாம் நடைமேடைப் பேருந்தை ஐந்தாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டாள். மூட்டை முடிச்சோடு கூட்டம் ஐந்துக்கு ஓட, கீழே இருந்து ஓட்டுநர் "மூணு! அக்கா, மூணு!" என்று கத்தினார். திருத்திச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் எண்ணை வாங்கி அழைத்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. இரண்டு பேருந்துகளுக்கு நடுவே ஒருமுறை என்று, ஏழு முறை அழைத்தாள். எட்டாவது முறை எடுத்தார்கள்.

"யாரும்மா அது, போனைப் போட்டதும் அடிக்கிற?"

"அம்மா, நான்... மாத்திரை வீடியோ போடுறேனே, அது நான். நல்லா இருக்கீங்களா?"

"அட, நீயா! எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். சார்ஜர் வயர் அறுந்துபோச்சு, இப்பதான் புதுசு வாங்கிட்டு வந்தேன்."

"மாத்திரை...?"

"மூணு நாள் நிறுத்திப் பார்த்தேன். பொண்ணுகிட்ட சொல்லாதே, குதிப்பா. அப்புறம் உன் பழைய வீடியோவையும் புதுசையும் ஒண்ணா உட்கார்ந்து பார்த்தேன். பத்தாம் நாள் மணி மாதிரி பேசுற. நாற்பதாம் நாள் என்னடீ, கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு! 'இந்தப் பொண்ணுக்கே உடம்பு சரியில்ல, இது எனக்குச் சொல்லுதா'ன்னு தோணிச்சு. அன்னைக்கே டாக்டர்கிட்ட போய் பிரஷர் பார்த்துட்டு மாத்திரையப் போட்டுட்டேன்."

மைக்கக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழாதேம்மா. முதல்ல நீ போய்க் காட்டு. இன்னைக்கே போறே, சரியா?"

அன்று மாலை எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன பயந்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டார்.

"புற்றுநோயோன்னு..."

"தொண்டையில அப்படி எதுவும் தெரியல. தைராய்டுதான் ரொம்ப இறங்கியிருக்கு. உங்க சுரப்பி சுரக்காம விடுறதை அந்த மாத்திரை ஈடுகட்டிட்டு இருந்துச்சு. நிறுத்தினா உடம்பு என்ன பண்ணும், பாவம்?"

"என் குரல் திரும்பி வருமா டாக்டர்?"

"மாத்திரையைத் திரும்பப் போட்டா வரும். சில வாரம் ஆகும். அப்பவும் கரகரப்பு போகலேன்னா வாங்க, இன்னும் பார்ப்போம். இந்த மட்டும் வந்தீங்களே, அதுவே போதும்."

மார்பில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்ததுபோல இருந்தது. வெளியே வந்து மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்து, கணவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கவேண்டிய அவசியம் கண்ணாடிக்கு இல்லை.

பழைய வீடியோக்களை எல்லாம் நீக்கினாள். பிறகு ஃபில்டர் இல்லாமல், உப்பிய முகத்தோடு, அந்தக் கட்டைக்குரலிலேயே புதிதாக ஒன்று போட்டாள். "நான் சொன்னது தப்பு. நாற்பதாம் நாள் நல்லா இருக்கேன்னு சொன்னது பொய். மாத்திரைய நிறுத்தினவங்க தயவுசெஞ்சு உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க."

இரண்டு நாளில் ஆறாயிரம் பேர் விலகிப் போனார்கள். மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டாள் என்று ஒருவர் எழுதினார். நாத்தனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதெல்லாம் உறைக்கத்தான் செய்தது. ஆனால் தூக்கம் கெடவில்லை. மூன்றாம் நாள் மாலை, யாரென்று தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "நாளையிலேர்ந்து நிறுத்தலாம்னு இருந்தேன். நல்லவேளை."

அதைக் கணவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். "சரி, தட்டைப் போடட்டுமா?" என்றார் அவர். அன்று அவள், பல வாரங்களுக்குப் பிறகு, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.